மீதியை எங்கே வைப்பது

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு சரி. மறதியும் அதிகம், மன்னிக்கவும்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே முகூர்த்தப் புடவை எடுத்துக்காட்டும் பெண் ஒருத்தி. ஒல்லி உடம்பு, சாயங்காலமானால் வீங்கிப்போகும் கால்கள். பகலெல்லாம் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். கடையை விட்டு இறங்கியதும் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்வாள்.

ஒருநாள் எங்களுக்கு உடம்பைப் பற்றி வகுப்பெடுக்க ஒருவர் வந்தார். மெட்டபாலிசம் என்றார். சாப்பாட்டை உடம்பு எரிக்கிற வேகமாம்.

"காலை டிபனை விடாதீங்க. பருப்பு, முட்டை சேத்துக்கங்க. மணிக்கு ஒருவாட்டி தண்ணி குடிங்க."

அவள் எழுந்தாள். "குடிக்கிறோம் சார். ஆனா பாத்ரூமுக்கு ரெண்டு வாட்டிதான் வுடுவாங்க. மீதிய எங்க வச்சிக்கினு நிக்கிறது?"

எல்லோரும் சிரித்தோம். வந்தவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கேட்டார். "இன்னா ஆயா, நீதான பாத்ரூம் கழுவுற? அவ சொல்றது நெஜமா?"

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

பொய் சொன்னாள் என்று அவளை நிறுத்திவிட்டார்கள். போகும்போது என்னிடம், "வுடு ஆயா, உனக்கும் பொழப்பு இருக்குதுல்ல" என்றாள். திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. எனக்கோ அந்தக் கடை மேலும் என் வாய் மேலும் ஆத்திரம் அடங்கவில்லை.

ரெண்டு தரம்தான் போகலாம் என்று சட்டத்தில் எங்காவது இருக்கிறதா? படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.