கத்திரி படக் கூடாத கம்பளி

தையல் டீச்சர் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஐம்பதுகளின் நடுவில், ஓசூரில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு பாளையக்காரர் நாடகம் போட்டோம். உடைகள் என் பொறுப்பு. தலைமையாசிரியர் பழைய வெல்வெட் திரையைக் காட்டி, "இதையே கிழிச்சித் தெச்சிடுங்கம்மா" என்றார்.

"இந்தக் காட்டுச் சீமையில அந்தக் காலத்துல வெல்வெட்டுக்கு எங்க சார் போனாங்க? குளுருக்குக் கம்பளிதான் போத்தியிருப்பாங்க" என்று வாதாடினேன். சரித்திரத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு.

வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு நெய் கொண்டுவரும் குறும்பர் வீட்டு அம்மாளிடம் கேட்டேன். ஜவளகிரிப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். அவள் புருஷனே கம்பளி நெய்வான். வீட்டில் இருந்தது ஒரே துண்டு, மூன்று முழம்கூட இருக்காது. புளியங்கொட்டைக் கஞ்சியின் விறைப்பு இன்னும் போகாத புதுக் கறுப்புக் கம்பளி. மகள் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருவதற்காக நெய்தது. அதில் கத்திரி பட்டால் மணைக்கு ஆகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"ரெண்டு நாளைக்குத்தானுங்களே, எடுத்துக்கோங்க டீச்சரம்மா. மேலால நூலோட்டிக்கோங்க. வெட்ட மட்டும் கூடாதுங்க."

"சாமி சத்தியமா வெட்ட மாட்டேன்" என்றேன்.

பாளையக்காரர் வேஷம் எங்கள் ஓவிய வாத்தியாருக்கு. கம்பளியை மடித்து அவர் தோளில் நூலோட்டினேன். பிடரியில் அது கூன் மாதிரி எழும்பி நின்றது. ஒத்திகை பார்த்தவர்கள் சிரித்தார்கள். என் வேலையைப் பார்த்து யாரும் அதுவரை சிரித்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் கழுத்து வைக்கப் பிறை வடிவில் ஒரு வெட்டு வெட்டினேன். சின்ன வெட்டுதானே, திரும்பத் தைத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விழாவில் அந்தப் போர்வையை எல்லோரும் மெச்சினார்கள். மறுநாள் கம்பளியின் ஓரத்திலிருந்தே இழை உருவி, வெட்டிய துண்டைப் பொருத்தித் தைத்தேன். கண்ணுக்குத் தெரியாது. அவள் வந்து வாங்கி, உதறி, தடவிப் பார்த்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. நான் அவசரமாக, "காபி குடிக்கிறியா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். போகாமல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தே போனேன். மணையில் விரித்திருந்தது நான் தைத்த துண்டு இல்லை, பங்காளி வீட்டில் இரவல் வாங்கிய பழைய கம்பளி. பெண்ணின் அப்பன் அத்தனை உறவுக்கும் நடுவில் பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"மொதக் கத்திரிப்பு ஆட்டு மயிருல மகளுக்குன்னு நெய்ஞ்சேன். எலிக்குக் குடுத்துட்டு நிக்கறா பாரு! ஒரு துணியக் காப்பாத்தத் துப்பில்ல!"

எலி. அவள்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருந்தது. எழுந்து, "நான்தான் வெட்டினேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூன்று சொல்கூட இல்லை. டீச்சரம்மா வந்திருக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அதிலிருந்து எழவில்லை.

அவளே என்னிடம் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போனாள்.

"எலிதானுங்க டீச்சரம்மா" என்றாள் மெதுவாக. "நம்ம வூட்டுக்கு வந்துட்டுப் பசியோட போகக் கூடாது."

இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன். இரண்டாம் தரம் அவள் நெய் விட்டபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கை கழுவும்போதும் அவன் அவளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தான்.