மூன்றாம் வருசத்துப் பயறு

அந்தப் பங்குனி மாதம் எங்கள் வீட்டில் யாருக்கும் உட்கார நேரமில்லை. சித்திரை முதல் முகூர்த்தத்தில் தங்கச்சிக்குக் கல்யாணம். கரிசக்காட்டில் மிளகாய் பழுத்து நின்றது, ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் என் தம்பி மதுரையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான். டாக்டர் பட்டத்துக்கு அவன் எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சியை மாதக் கடைசிக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை தவறினால் பதிவு போய்விடும் என்று புரொபசர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அவன் படிப்பில் எனக்குப் புரிந்தது விதை ஒன்றுதான். நம் சனங்கள் பயறு சேர்த்து வைக்கிற முறைகளில் எது அதிக நாள் முளைப்புத் தாங்கும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. தட்டாம்பயறு, பாசிப்பயறு, மொச்சை, துவரை என்று நாலு வகை. ஒவ்வொரு வகையிலும் சாம்பல் கலந்து ஒரு பானை, செம்மண் கட்டி ஒரு பானை, வேப்பிலை போட்டு ஒரு பானை, ஒன்றும் போடாமல் ஒரு பானை. பதினாறு பானையும் மூன்று வருசமாக எங்கள் வீட்டு உள்ரூமில் இருந்தன. எலி அண்டாமல், மழைக்கு நனையாமல் பார்த்துக்கொண்டது நான்தான். அந்தப் படிப்பில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோசப்பட்டிருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

வருசத்துக்கு ஒரு தடவை வந்து ஒவ்வொரு பானையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப்போவான். மதுரையில் முளைக்கவைத்து, நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்று எண்ணி எழுதுவான். இரண்டு வருசம் எண்ணியாகிவிட்டது. மூன்றாம் வருசம் மட்டும்தான் பாக்கி. "ஒரு வாரம் போதும்ணே" என்றான்.

காலையில் எழுதுவான். பத்து மணிக்கு மேல் என்னோடு களத்துக்கு வந்து, காயும் மிளகாய் வத்தல் கிண்டுவான். சாயங்காலம் தங்கச்சி கல்யாணத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை என்று எழுதுவான். எழுதி முடித்த தாள்களை அருப்புக்கோட்டையில் டைப் அடிக்கக் கொடுத்திருந்தான். இங்கிலீஷ் தாள். ஒரு நாள் அதைக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன்.

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய வாரம் அவன் பானைகளைக் கவிழ்த்தான். சாம்பலும் மண்ணும் போகச் சலித்து, பதினாறு சின்னத் துணிப்பைகளில் கட்டி, மையால் நம்பர் எழுதிப் பெட்டியில் வைத்தான். பானையில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். நான் அன்று முழுக்க மிளகாய்க் காட்டில் கிடந்தேன். அந்தப் பைகளை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு மூன்று பேரும் கிளம்பினார்கள். தம்பி டைப் அடித்ததை வாங்க, என் வீட்டுக்காரியும் தங்கச்சியும் ஜாக்கெட்டுத் துணி தைக்கக் கொடுக்க. படியிறங்கும்போது என் வீட்டுக்காரி சொன்னாள்: "முளைப்பாரிக்குப் பயறு கேட்டு வருவாக. சொளவுல வச்சிருக்கேன், எடுத்துக் குடுத்துருங்க."

வீட்டில் முறம் இரண்டு உண்டு. எந்தச் சொளவு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் பொங்கலுக்கு அம்மனுக்கு முளைக்கவைத்து எடுக்கும் முளைப்பாரிக்கு வீடு வீடாகப் பயறு வாங்குவார்கள். எல்லா வீட்டுப் பயறும் அதில் சேர வேண்டும். வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் கிடையாது. மத்தியானம் ஐந்து பெண்கள் நார்ப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றது எனக்கு மதினி முறை. அந்த வருசம் விரதம் இருந்து முளைப்பாரி வளர்ப்பது அந்த மதினிதான்.

பெண்கள் கூட்டமாக நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். விறுவிறுவென்று உள்ளே போனேன். உள்ரூமில் ஒரு சொளவு. அதில் சின்னச் சின்னப் பைகள், தொட்டால் பயறு. அம்மனுக்கென்று வகை வகையாகக் கட்டி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அப்படியே தூக்கிவந்து கொடுத்தேன்.

"என்ன கொழுந்தனாரே, ரேசன் கடை மாதிரி நம்பரு போட்டுருக்கு?"

"கல்யாண வீடுல்ல, எல்லாத்துக்கும் நம்பரு போட்டு வச்சிருக்காக" என்றாள் இன்னொருத்தி.

"பயறு நல்லாத் தெரட்சியா இருக்கு. ஏன் கொழுந்தனாரே, தலைய நிமித்துனா கழுத்து சுளுக்கிக்கிருமா?"

சிரித்தார்கள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பையாக அவிழ்த்து நார்ப்பெட்டியில் கொட்டி, பைகளை மடித்துச் சொளவில் திருப்பி வைத்தார்கள். பதினாறையும் கொட்டி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்போது போவார்கள் என்றுதான் நின்றேன்.

சாயங்காலம் தம்பி டைப் அடித்த தாள்களோடு உற்சாகமாக வந்தான். உள்ளே போனவன் சொளவோடு வெளியே வந்தான்.

"அண்ணே, இதுல இருந்த பயறு எங்க?"

"அம்மனுக்குக் குடுத்தாச்சு."

என் வீட்டுக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நான் சொன்னது அடுப்படிச் சொளவுங்க. பெட்டி தங்கச்சி சீருக்குப் போகுதேன்னு காலைல காலி பண்ணி, தம்பி பையை இதுல வச்சேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"நீங்க எங்கிட்டச் சொல்லிட்டுத்தான மதினி வச்சீங்க" என்றான் தம்பி. என்னை ஒன்றும் சொல்லவில்லை. நானும் என் தப்பு என்று சொல்லவில்லை.

இரண்டு பேரும் முளைப்பாரி வீட்டுக்கு ஓடினோம். ஆம்பளைகள் அந்த வீட்டுக்குள் போகக் கூடாது. தம்பி வாசலில் நின்று மதினியைக் கூப்பிட்டான்.

"ஊற வச்சாச்சு தம்பி. எல்லா வீட்டுதும் ஒரே அண்டாவுல கெடக்கு" என்றார்கள் மதினி.

"எங்க வீட்டுது எதுன்னு தெரியாதா மதினி?"

"பயறு மூஞ்சில பேரா எழுதிருக்கு? அம்மனுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேப்பாகளாப்பா? படிச்ச பிள்ளை, நீ இப்படிக் கேக்கலாமா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவன் அந்த இருட்டு வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

அதற்குப் பிறகும் வீட்டில் வேலைகள் நடந்தபடியே இருந்தன. வத்தல் காய்ந்தது. வெள்ளை அடித்தோம். பந்தல்காரனிடம் சொன்னோம். தம்பி எல்லாம் செய்தான், எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டான். டைப் அடித்த தாளில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியுமே. பதினாறு வரிசை. முதல் பத்தியில் எண்கள், இரண்டாவதில் எண்கள், மூன்றாவது வெறுமையாக இருந்தது.

களத்தில் தனியாக இருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ரெண்டு வருசம் எண்ணியிருக்கேல்ல. மூணாவது எவ்வளவு வரும்னு ஒரு குத்துமதிப்பாத் தெரியாதா? எழுதிரேன்டா."

"தெரியும்ணே."

"பெறகென்ன?"

"எண்ணலையேண்ணே" என்றான். வத்தலைக் கிண்டப் போய்விட்டான்.

மதுரைக்குப் போய்ப் புரொபசரிடம் கேட்டுவிட்டு வந்தான். மூன்றாம் வருசம் இல்லாமல் முடியாதாம். மறுபடி பானையில் போட்டால் இன்னும் மூன்று வருசம். அதுவரைக்கும் பதிவு நிற்காது, உதவித்தொகையும் நின்றுவிட்டது.

முளைப்பாரி ஊர்வலம் வந்தது. பல வருசமாக அப்படி முளைத்ததில்லை என்று ஊரே பேசியது. பயறு போட்ட மண் ஓடு கொள்ளாமல் வெளுத்த பயிர் ஒரு முழத்துக்கு நின்றது. தம்பி எங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு ஓடாகப் பார்த்தான். எங்களைத் தாண்டும்போது மதினி சந்தோசமாகச் சொன்னார்கள்: "பாத்தியா தம்பி, ஒண்ணு கூடத் தப்பல."

அவன் உதடு அசைந்தது. எண்ணுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. எதை எண்ண முடியும்? கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டு வந்தார்கள்.

தங்கச்சி கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. டிரங்குப் பெட்டி அவளோடு போனது. தம்பி வீரசோழன் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குப் போனான். இன்னும் அதே வேலைதான். என்னிடம் அவன் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

மறு வருசப் பங்குனியில் அதே பெண்கள் வந்தார்கள். "போன வருசம் குடுத்த பயறு மாதிரி குடுங்க" என்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. லீவுக்கு வந்திருந்த தம்பிதான் அடுப்படிச் சொளவை எடுத்துவந்து கொட்டினான். சிந்திய நாலைந்து பயறைக் குனிந்து பொறுக்கி அதையும் அவர்கள் பெட்டியில் போட்டான்.