தபசு காலத்து அல்லேலூயா

தூக்கின் மூடியைத் திறந்ததும் எழும் கேழ்வரகுக் கஞ்சி வாசனையும் ஆஸ்பத்திரித் தரையின் பினாயில் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், எனக்கு இன்றும் தபசு காலம் வந்துவிடும். எனக்குப் பத்து வயதான வருடம், ஈஸ்டருக்கு முந்தின அந்த நோன்பு நாட்களில், எலும்பில் பரவிவிட்ட புற்றுநோயோடு அம்மா கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பள்ளி விட்டதும் நான் அப்பாவோடு பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுபோவேன்.

அவள் இனி வீடு திரும்ப மாட்டாள் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். ஆனாலும் வலி சற்று விடும்போதெல்லாம் பாடினாள், கோயில் மெட்டில் இல்லை, அவளாகவே இழுத்துக்கொண்ட ஏதோ ஒரு ராகத்தில், 'அல்லேலூயா' என்ற ஒரே சொல்லை. பக்கத்துக் கட்டிலில், நெற்றி நிறையத் திருநீறோடு, பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். "எப்டிக்கா இந்த வலியிலயும் சிரிக்கிற?" என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு அம்மா, "வலி என்னோடது, சந்தோசம் ஆண்டவரு குடுக்குறது. ரெண்டும் ஒரே கட்டில்ல கெடந்துட்டுப் போவுது" என்றாள்.

எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கிய திமிர் வேறு! தபசின் நாற்பது நாளும் அந்தச் சொல்லைக் கோயிலில் பாட மாட்டார்கள், ஈஸ்டர் இரவுத் திருவிழிப்பில்தான் அது திரும்பி வரும் என்று, நாங்கள் 'மாசேர்' என்று கூப்பிடும் கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்திருந்தார். "இப்பப் பாடக் கூடாதும்மா, பாவம். ஈஸ்டர் வரட்டும்" என்றேன், வார்டே கேட்க.

"அதுவரைக்கும் நான் இருக்கணுமேடி" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டேதான். நான் விடவில்லை. "சரிங்க மாசேர்" என்று என்னைக் கேலியாகக் கும்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அதன்பின் நான் இருக்கும்போது அவள் பாடவேயில்லை. அப்பாடா, அம்மாவைப் பாவத்திலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகக் கஞ்சி ஊட்டினேன்.

ஈஸ்டருக்கு எட்டு நாள் இருக்கும்போது, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், அம்மா போய்விட்டாள். டம்ளரையும் போர்வையையும் எடுக்கப் போனபோது, அந்தப் பாகூர்க்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வார்டு வாசலத் தாண்டுற வரைக்கும் உங்கம்மா பாத்துக்கினே இருப்பா, பாப்பா. அப்புறம்தான் பாடுவா. 'எம் புள்ள காதுல வுழுந்தா, அம்மா நரகத்துக்குப் போயிடுவாளோன்னு பயந்துக்கும்'னு சொல்லுவா. நேத்துக்கூடப் பாடினா."

அந்த ஈஸ்டரில் மணிகள் அடித்தன, கோயிலே எழுந்து நின்று அந்தச் சொல்லைப் பாடியது. எனக்கு வாய் திறக்கவில்லை.

இப்போதும் தபசு காலம்தான். கஞ்சித் தூக்கு எந்த வீடு மாறும்போதோ தொலைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை. நாற்பது நாளில் ஒரு நாளாவது கதவைச் சாத்திக்கொண்டு, மாசேர் சொன்னதை மீறி, அந்தச் சொல்லைப் பாடிப் பார்க்கிறேன். விசுவாசம் வருகிறது, சில நாள் சிரிப்புக்கூட வருகிறது. அம்மாவின் ராகம் மட்டும் வரவில்லை. என் காதுபட முழுதாக ஒருதரம் பாடி முடிக்க அவளை நான் எங்கே விட்டேன்?