டேங்க் விழுந்த அன்று

“கூரையையே புடிச்சு நிறுத்தத் தெரியாதவ, காலேஜுக்குப் போயி இன்னாத்தப் புடிக்கப் போறா?”

நான் பி.யூ.சி. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்று பெரியப்பா கேட்டது இது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூடச் சிரித்தார். பெரியப்பாவுக்கு அது புதிய கேலி அல்ல. கல்யாணமோ கருமாதியோ, நாலு சொந்தக்காரர் கூடிவிட்டால் நான் கூரையை விட்ட கதையை எடுத்துவிடுவார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காலி டம்ளர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், வரட்டும். எழுதத் தெரிந்தவள் இருக்கும்போது கூரைக் கதையை ஏன் பெரியப்பா சொல்ல வேண்டும்? அவர் அன்று ஊரிலேயே இல்லை. பங்காருபேட்டையில், நல்ல ஓட்டு வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த லைன்களில் ஒன்றில் எங்கள் வீடும் இருந்தது. மூங்கில் தட்டிச் சுவர், அதன்மேல் மண் பூச்சு, தலைக்கு மேலே தகரம். தகரம் பறக்காமலிருக்க அதன்மேல் கற்கள். லைனுக்குப் பின்னால் சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் அங்கே குன்றாகக் கிடந்தது. வெயில் காலத்தில் வெள்ளைத் தூசியாகப் பறந்து வந்து சோற்றில் விழும். மழை பெய்தால் சாம்பல் நிறச் சேறாகக் கரைந்து லைனுக்குள் இறங்கும். அந்தத் தண்ணீர் வாயில் படக்கூடாது என்பதை எங்கள் பிள்ளைகள் பேசக் கற்கும்போதே கற்றுக்கொண்டுவிடுவார்கள். என் தங்கை இன்னும் கற்கவில்லை. அவளுக்கு ஒன்றரை வயது. கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்ராஸ் பக்கம் புயல் கரை ஏறுகிறது என்று முதல் நாள் யாரோ ரேடியோவில் கேட்டுவந்து சொன்னார்கள். கடலைப் பார்த்தவர்கள் எங்கள் லைனில் ஒருவரும் இல்லை. கடல் சமாச்சாரம் கடலோரத்தவர்களுக்கு என்று விட்டுவிட்டோம். காலை ஷிப்டுக்கு அப்பா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தூறலில் போனார். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்தில் அத்தனை ஆழம் இறங்கிவிட்டால் கீழே மழை இல்லை, காற்று இல்லை, பாறையின் சூடு மட்டும்தான்.

நடுப்பகலுக்குள் காற்று பிடித்துக்கொண்டது. தகரம் மேலே எழும்பி எழும்பி அடித்தது. அம்மா இரண்டு நார்க் கயிறுகளைக் கூரையின் மூங்கிலில் கட்டினாள். ஒன்றின் நுனியை ஆட்டுக்கல்லில் சுற்றினாள். இன்னொன்றைக் கட்ட வீட்டில் கனமான பொருள் வேறு இல்லை. அதைத் தன் கையிலேயே சுற்றிக்கொண்டு தரையில் காலை உதைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசற்படிக்கு அடியில் சாம்பல் சேறு நுழையத் தொடங்கியிருந்தது.

“பாப்பாவக் கீழ உடாதே. கையில அள்ளி வாயில போட்டுக்கும்.”

“கை வலிக்குதும்மா.”

“எனக்கு மட்டும் இனிக்குதா? தூக்கிக்கினு நில்லு.”

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தொம் என்று ஒரே சத்தம். தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்போம். அது இப்படித்தான் மேலே தெரியும்: ஒரு சத்தம், ஓர் உலுக்கல், டம்ளர்கள். அடுத்த நிமிடம் லைனிலுள்ள பெண்கள் எல்லோரும் சுரங்கத்தின் கேட்டை நோக்கி ஓடுவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அடுப்பில் இருப்பது அடுப்பிலேயே இருக்கும்.

அம்மா கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து என் கையில் திணித்தாள். “உள்ள இடிஞ்சிடுச்சுடீ” என்றாள். முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. “பாப்பாவப் பாத்துக்கோ. கயித்த உடாதே.” கதவைத் திறந்ததும் காற்று அவளை ஒருமுறை உள்ளே தள்ளியது. அவள் குனிந்து முட்டிக்கொண்டு வெளியேறினாள். மற்ற வீடுகளிலிருந்தும் பெண்கள் ஓடினார்கள். மழைக்குள் புடவைகள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன.

தட்டியில் ஒரு பொத்தல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். லைன் முனையில், இரும்புக் கால்களின்மேல் நிற்கும் தண்ணீர் டேங்க் இல்லை. கால்கள் மடங்கிக் கிடந்தன. டேங்க் தரையில் பாதி புதைந்து, வெடித்த பூசணிக்காய்போல் கிடந்தது. அப்படியானால் சத்தம் அதுதான். கீழே ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை.

“அம்மா, டேங்க்! டேங்க்!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு மேலே ஏறியது. ஒரு கையில் தங்கை, ஒரு கையில் கூரை. கால் விரல்கள் தரையை விட்டு எழும்பின. மேலேயிருந்த கற்களில் ஒன்று தகரத்தின் இடைவெளியில் நழுவி, நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தங்கை அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

கயிற்றை விட்டேன்.

தகரம் கிளம்பும்போது பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. யாரோ போர்வையை இழுத்ததுபோல் வானம் வந்துவிட்டது. தங்கையை டிரங்குப் பெட்டியின்மேல் உட்காரவைத்துவிட்டு, மூலையிலிருந்த அண்டாவைத் தோளால் முட்டிச் சாய்த்தேன். அம்மா விடியற்காலையில் குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீர் பாதி அண்டா இருந்தது. எல்லாம் கொட்டியது. அண்டாவை நிமிர்த்தி அதற்குள் தங்கையை உட்காரவைத்து, அதன் வாயின்மேல் நான் குப்புறக் கவிழ்ந்துகொண்டேன். சேறு கணுக்காலைத் தாண்டிப் போயிற்று. முதுகில் எது விழுந்தாலும் கல் என்றே நினைத்தேன். கடைசியில் விழுந்தது சுவர். தட்டி அப்படியே என்மேல் சாய்ந்து மூடிக்கொண்டது. அண்டாவுக்குள் தங்கை அழுவது நின்றுவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விரலை உள்ளே விட்டுத் தேடினேன். அவள் கடித்தாள். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குப் பிறகு ஒருபோதும் கடிபட்டதில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ தட்டியைத் தூக்கினார்கள். பக்கத்து வீட்டு அத்தை. ஆடு வைத்துக்கொண்டு தனியாக இருந்தவள்.

“பாப்பா எங்கடீ?”

“அண்டாவுல.”

அத்தை எட்டிப் பார்த்தாள். அந்த மழையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அடிப்பாவி, பாப்பாவப் போட்டுக் கொழம்பு வெக்கப் போறியா?”

நாங்கள் கும்பிடப் போகும் புத்த விகாரை மட்டும்தான் எங்கள் லைனில் கல் கட்டடம். அத்தை ஒரு கையில் தங்கையையும் மறு கையில் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். புத்தர் சிலைக்கு முன்னால் ஏற்கெனவே நாலு பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை திரும்பிப் போனாள். இரண்டு பேரோடு வந்தாள். மறுபடி போனாள். லைனில் இருந்த ஒரே பெரிய ஆள் அவள்தான் என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. மற்ற எல்லோரும் கேட்டில் நின்றார்கள்.

கடைசிப் பிள்ளையையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் புடவையைப் பிழிந்தபோது அவளிடம் சொன்னேன்.

“அத்தை, அது ஏர்பிளாஸ்ட் இல்ல. டேங்க் வியுந்த சத்தம். நான் பாத்தேன்.”

“தெரியும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

“அப்போ எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னேன். எவ காதுல வாங்கினா?”

“நீங்க ஏன் ஓடல?”

அத்தை என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. “எங்க ஊட்டுக்காரு கீழயேதான் கீறாரு” என்றாள். “நான் ஓடினா மட்டும் மேல வந்துடுவாரா?”

அவருக்கு ரொம்ப நீளமான ஷிப்ட் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் டிரங்குப் பெட்டியும் ஆட்டுக்கல்லும் அண்டாவும் இருந்தன. தகரங்கள் சயனைடு மேட்டில் அங்கங்கே செருகிக்கொண்டு நின்றன. அத்தையின் ஆடுகளில் ஒன்று தேங்கிய சாம்பல் தண்ணீரைக் குடித்துவிட்டு, கால்கள் விறைத்துக் கிடந்தது. அதைப் பார்த்தபிறகு தங்கையை நான் இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நடந்து வந்தார்கள். கரண்டு போய்க் கேஜ் நின்றுவிட்டதால் முதல் நாள் ஷிப்ட் ஆட்கள் எல்லோரும் கீழேயே தங்கிவிட்டார்களாம். விடிந்தபின்தான் ஏற்றியிருக்கிறார்கள். அம்மா நனைந்து ஊறிப்போயிருந்தாள். அப்பா காய்ந்த தூசியோடு, உலர்ந்த சட்டையோடு வந்தார். வீடு இருந்த இடத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், திரும்ப இடத்தைப் பார்த்தார்.

“ஊடு எங்கடீ?”

“உங்கப்பன் வந்து எட்தும்போயிட்டாரு” என்றாள் அம்மா.

“கீழ ஒண்ணுமே தெரியல. கரண்டு இல்லன்னாங்க. வெளக்க அணைச்சிட்டுத் தூங்கினோம்.”

“தூங்கினியா?” என்று கேட்டாள் அம்மா.

எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து அணைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். தங்கை இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். “வேணாம், நான் ஈரமாக் கீறேன்” என்று சொல்லி அம்மா பின்னால் நகர்ந்தாள். தங்கையும் ஈரம்தான், நானும் ஈரம்தான். அவள் என் கையைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து சேற்றில் கிடந்த டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

“கயித்த உட்டுட்டேம்மா” என்றேன். “தண்ணியையும் கொட்டிட்டேன்.”

அவள் ஒரு டம்ளரிலிருந்த சேற்றைக் கவிழ்த்துக் கொட்டினாள். அன்று மட்டுமல்ல, தகரங்களைப் பொறுக்கிவந்து மறுபடி வேய்ந்து முடிக்கும்வரை அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வாரக்கணக்கில் தரையைக் கழுவினாள். தங்கையின் வாயை அடிக்கடி திறந்து பார்த்தாள். கூரையை விட்டதற்காக என்மேல் கோபம் என்று நான் முடிவு செய்தேன். அதனால் கேட்டவர்களிடமெல்லாம் நானே முந்திக்கொண்டு, “நான்தான் கயித்த உட்டேன்” என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவின் கேலி அங்கிருந்துதான் பிறந்தது.

எங்களை விட்டுவிட்டு ஓடினாளே என்று அம்மாவின்மேல் எனக்கும் ஒரு கோபம் இருந்தது. அந்தக் கோபத்தை அவள் என்னைவிட முன்பே, என்னைவிடக் கடுமையாகத் தன்மேல் வைத்திருந்தாள் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. ஈரமான கையால் பிள்ளையைத் தொட முடியாதா என்ன? அந்தக் கைக்குத் தொடும் தைரியம் இல்லை. கேட்டில் அத்தனை நேரம் நின்ற பெண்களுக்கு, இடிந்தது சுரங்கம் இல்லை, கரண்டு போனதால் கேஜ் நிற்கிறது, எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்ல ஓர் ஆள் வரவில்லை. காவல்காரருக்குத் தெரியாது. உள்ளே டெலிபோன் அறையில் தெரிந்திருந்தது. அங்கிருந்து கேட்டுக்கு நூறடிகூட இல்லை. இதுவும் எனக்கு அப்போது தெரியாது.

பி.யூ.சி. முடித்தேன். மூன்று மாதமாக அதே டெலிபோன் அறையில் ஆபரேட்டராக இருக்கிறேன். கீழேயிருந்து வரும் பேச்சு முதலில் என் காதில்தான் விழுகிறது.

சேர்ந்த மூன்றாம் வாரம் தரை தூக்கிப் போட்டது. இம்முறை டேங்க் இல்லை, ஏர்பிளாஸ்டேதான். கீழே விசாரித்தேன். ஆள் வேலை செய்யாத பழைய பகுதியில் பாறை சரிந்திருக்கிறது, யாருக்கும் அடியில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், கேட்டில் பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். கையில் ஒட்டிய மாவோடு அம்மாவும் நின்றாள். பக்கத்து இருக்கைக்காரரிடம் என் டெலிபோன் போர்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

“யாருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாரும் நல்லாக் கீறாங்க. நானே பேசினேன். ஊட்டுக்குப் போங்க.”

அம்மா கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். “நெஜமாவா?” என்று ஒரே முறை கேட்டாள். பிறகு எல்லோருக்கும் முன்னால் திரும்பி நடந்தாள்.

வேலை நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்தது குற்றம் என்று சூப்பர்வைசர் எச்சரித்தார். போன திங்கட்கிழமை தரை மறுபடி ஆடியது. மறுபடி எழுந்து போனேன். மெமோ கொடுத்து, மூன்று நாளில் எழுத்தில் பதில் வேண்டும் என்றார்கள். கேட்டில் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள், நியமிக்கும்வரை நான் போவேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நேற்றுக் காலையே கொடுத்துவிட்டேன்.