ஸ்வீடனுக்கு ஒரு மாத விடுப்பு

எழுபதுகளில் திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தேன். அப்போதெல்லாம் வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் காலையிலேயே வந்து பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் மெட்ராஸைப் பிடிப்போம், மெட்ராஸ் பம்பாயைப் பிடிக்கும், பம்பாய் கடலுக்கு அப்பால் யாரையோ பிடிக்கும். மத்தியானத்துக்குள் லைன் கிடைத்தால் அதிர்ஷ்டம். சில நாள் கிடைக்கவே கிடைக்காது.

மார்கழி பிறந்தால் ஸ்வீடனிலிருந்து ஒரு பெண் வந்துவிடுவாள். அங்கே நர்ஸ் வேலை. விடுமுறையைச் சேர்த்துவைத்துக்கொண்டு வருஷா வருஷம் இரண்டு மாதம் இங்கே தங்கி, மலையைச் சுற்றிக்கொண்டிருப்பாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். முதல் தடவை கவுண்டருக்கு வந்தபோது, கற்றுக்கொண்டிருந்த தமிழில், "எனக்கு ஒரு கால் வேணும்" என்றாள். பக்கத்து சீட்டில் இருந்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அவளும் தன் இரண்டு கால்களையும் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் அம்மாவோடு பேசுவாள். நாள் முழுக்கக் காத்திருந்து மூன்று நிமிஷம். ஒரு ஞாயிறு லைன் மோசமாக இருந்தது. அம்மா பேசுவது இவளுக்குக் கேட்டது, இவள் பேசுவது அங்கே கேட்கவில்லை. போர்டில் இருந்த என் குரல் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் நாலைந்து வார்த்தைதான் தெரியும். திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கேக்கறாங்க?" என்றேன்.

"வெயில் இருக்கா கேக்கறாங்க" என்றாள் இவள்.

எனக்கு நம்ப முடியவில்லை. இத்தனை பாடுபட்டு லைன் பிடித்து, வெயிலையா கேட்பார்கள்? எங்கள் ஊரில் வெயிலைத் திட்டாத வாய் கிடையாது. அவள் சொன்னாள்: அந்த மாதங்களில் அம்மா இருக்கும் ஊரில் பகல் என்பது ஒரு சின்ன வெளுப்பு மட்டும்தான், வந்ததும் போய்விடும். மகள் எங்கோ வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க நிம்மதி. வெயிலுக்கு அவர்கள் மொழியில் சொல்வதை அவள் காதோரம் சொல்லித்தர, நான் ஹெட்செட்டில் கத்தினேன். அங்கிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் ஒரு முறை ஏற்பட்டுவிட்டது. லைன் கிடைத்ததும் முதலில் நான்தான் பேசுவேன். 'கொஞ்சம் இருங்கள்' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதுக்கு 'வெந்தா' என்று விழும். நான் "வெந்தா, வெந்தா" என்பேன். பக்கத்து சீட்டுக்காரி, "வெந்தா எறக்கிடு" என்பாள். இப்படியே ஏழெட்டுக் குளிர்காலம் போயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, 'வெந்தா' பெண்ணைப் பார்க்க வேண்டும் என்கிறார், கோடையில் ஒரு மாதம் வந்து தங்க முடியுமா, விமான டிக்கெட் நாங்கள் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தாள்.

என் கணவர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஒரு மாசம்ன்றது ஜாஸ்தி இல்ல?"

"ஜாஸ்திதாங்க."

"போவணும்னு இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப எழுதிப் போடு. பொண்ண நான் பாத்துக்கறேன்." எங்கள் மகள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

விடுப்புக்கும் வெளிநாடு போக அனுமதிக்கும் சேர்த்து விண்ணப்பித்தேன். 'பயணத்தின் நோக்கம்' என்ற இடத்தில் 'சுற்றிப் பார்த்தல்' என்று எழுதியிருந்தேன். பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. நோக்கம் தெளிவாக இல்லையாம். பஸ் பிடித்து வேலூருக்குப் போய் அதிகாரியை நேரில் பார்த்தேன்.

"படிக்கப் போறியாம்மா?"

"இல்லீங்க சார்."

"வைத்தியமா? சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்க. பாத்துட்டு வரலாம்னு."

அவர் பேனாவை மூடினார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா ஒரு ஆபரேட்டர் சும்மா பாக்கறதுக்கு ஐரோப்பா போறாங்கன்னு எழுதினா, மேல என்னைத்தான் கேப்பாங்க. உருப்படியா நாலு காரணம் எழுதிக் குடு."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவருக்கு ஒரே உற்சாகம். மனு எழுதுவதுதானே அவர் தொழில்! வெள்ளைத் தாளை மடித்து ஓரம் விட்டு, 'மேற்படி நாட்டில் தொலைபேசித் துறை அடைந்துள்ள வளர்ச்சியை அறிந்துவரல்' என்று ஆரம்பித்தார்.

"பொய்யில்லீங்களா அது?"

"அங்க போன் இருக்குமில்ல? பாரு. பாத்துட்டா உண்மையாயிடுது."

அடுத்து, உடல்நலத்துக்கு உகந்த தட்பவெப்பம் என்று எழுதினார். மூன்றாவதாக எதை எழுதுவதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். "சரி, நெசமாவே எதுக்குப் போவணும்ன்ற?"

யாரும் அதுவரை என்னை அப்படிக் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கியதும் வந்துகொண்டே இருந்தது. குளிர்காலமெல்லாம் இருட்டில் இருந்தவர்கள், கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிற நாளை என்ன செய்வார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு நர்ஸுக்கு வருஷத்தில் இத்தனை நாள் விடுமுறை கொடுக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். குரலை மட்டும் தெரிந்த ஒருவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம், பெல் அடிக்காத இடத்தில் கொஞ்ச நாள் சும்மா இருக்க வேண்டும்.

அவர் எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். "இத்தினி நாளா இதெல்லாம் சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கலியே."

அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வேறு தாளை என்னிடம் தள்ளினார். "நீயே எழுது." நான் எழுதினேன்: 'பல வருடங்களாக ஒரு தாயையும் மகளையும் தொலைபேசியில் பேசவைத்து வந்திருக்கிறேன். அந்தத் தாயை நேரில் காண விரும்புகிறேன். எனக்கு ஓய்வும் வேண்டும்.' அதிகாரி அதைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "ஓய்வு வேணும்னு இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் கடைசியில் போய் இறங்கினேன். ரயில் நிலையத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். குள்ளமான உருவம், தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்து, "வெந்தா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காடும் ஏரியும் சூழ்ந்த சிவப்பு மர வீடு. எங்களை அங்கே கொண்டுபோய்விட்ட பஸ்ஸை ஓட்டியவள் ஒரு பெண். நான் முன் சீட்டில் உட்கார்ந்து அவள் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைவீதியில் ஓர் ஆள் கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான், பையில் பால்புட்டி. மனைவி செத்துவிட்டாளோ என்று நான் பரிதாபப்பட்டேன். தோழி சிரித்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவனுக்குச் சம்பளத்தோடு லீவு, மனைவி வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாள். இதைக் கணவருக்கு எழுதினேன். 'நம்பும்படி இல்லை, இருந்தாலும் நல்ல ஏற்பாடு' என்று பதில் வந்தது.

ஒரு நாள் அம்மா என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். புல்லுக்கடியில் சுண்டைக்காயைவிடச் சின்னதாகச் சிவப்புப் பழங்கள். அவர் ஒரு நீளமான புல்லைக் கிள்ளி, நாம் பூக் கோப்பதைப்போலப் பழங்களை அதில் கோத்துக்கொண்டே வந்தார். அந்தக் காடு அவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும். தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டதும் பழங்களை முந்தானையில் மறைத்துக்கொண்டேன். டிராக்டரில் வந்தவர்தான் காட்டுக்குச் சொந்தக்காரர். கையை உயர்த்தி ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார். யார் காடானாலும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், அழிக்காமல் இருந்தால் போதும் என்பது அவர்கள் நாட்டு வழக்கமாம். ஒரு முழம் வரப்புக்காகக் கோர்ட்டுக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள் நான். அந்த வணக்கத்தை அவ்வளவு சீக்கிரம் ஜீரணிக்க முடியவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேளைக்கு வேளை வேகவைத்த உருளைக்கிழங்கு. கொண்டுபோன ஆவக்காய் இரண்டாம் வாரமே தீர்ந்துவிட்டது, பாதியைத் தீர்த்தவர் அம்மாதான். அடுத்த வீட்டுக்காரர் அந்த வீட்டுக்குள் வந்து எத்தனையோ வருஷமாகிறது என்று தெரிந்தபோது சங்கடமாக இருந்தது. ஆனால் ஒருவர்கூட என்னை 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா படகை ஏரியில் தள்ளினார். எழுபதைத் தாண்டியவர், என்னை உட்காரவைத்துத் துடுப்புப் போட்டார். நடு ஏரியில் துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டார். நான் போட்டதில் படகு இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஆனால் வாங்கிக்கொள்ளவில்லை. இடது கையைக் காட்டி 'கம்மி' என்பதுபோல ஜாடை செய்தார், வலது கையைத் தட்டிக்கொடுத்தார். கொஞ்சங்கொஞ்சமாகப் படகு நேராகப் போக ஆரம்பித்தது. எதிர்க்கரையைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. பாறைமேல் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி குடித்தோம்.