ஒன்று புள்ளி ஒன்பது வோல்ட்

எங்கள் அலுவலகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கஞ்சன்' என்றால்தான் திரும்புவான். காசில் கஞ்சன் இல்லை, பேட்டரியில் கஞ்சன். நாங்கள் செய்வது மாத்திரைப் பெட்டி. வீட்டில் ஒருவர் தன் குரலைப் பதிந்துவைத்தால், வேளை வந்ததும் பெட்டி அதே குரலில் கூப்பிடும். உள்ளே இருக்கும் சிப்பை எவ்வளவு நேரம் தூங்கவைக்கலாம் என்பதே அவனுக்கு வேலை, பொழுதுபோக்கு எல்லாம். ஒரு மைக்ரோ ஆம்பியர் மின்சாரம் மிச்சம் பிடித்துவிட்டால் அன்று முழுக்கப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே திரிவான்.

முதல் பெட்டியை அம்மாவுக்குத்தான் கொண்டுபோனான். அதில் பேசியது அவன் அக்கா: "அம்மா, மணி எட்டாச்சு. மாத்திரையைப் போடு. போட்டுட்டுத்தான் மத்த வேலை." அடுத்த வருடம் காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் குரல் என்று மிஞ்சியது பெட்டியில் இருந்த அந்த மிரட்டல் மட்டும்தான். "அந்தக் குரலை இன்னொரு காப்பி எடுத்து வையேன்டா," என்று நான் ஒருமுறை சொன்னேன். "அது எங்க போகப்போகுது," என்றான்.

பெட்டிக்கு இரண்டு பேட்டரி, மொத்தம் மூன்று வோல்ட். அது இரண்டு புள்ளி நான்குக்கு இறங்கினால் சிப் கண்டுபிடித்து, மாற்றச் சொல்லிக் கத்தும். ஆனால் குரல் ஒலிக்கும்போது ஸ்பீக்கர் மின்சாரத்தை இழுப்பதால், ஒரு நொடி வோல்டேஜ் விழுந்து எழும். பாதி பேட்டரி மிச்சமிருக்கும்போதே பெட்டி ஒப்பாரி வைக்கும். அவன் அம்மாவே குறைபட்டாள்: "ஏன்டா, அவ பேசி முடிக்கறதுக்குள்ள இது கத்துது."

சரியான வழி இருந்தது. கத்துவதற்கு முன் கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அளந்து பார்த்தால் போதும். அதற்கு சிப் இன்னொரு தடவை விழிக்க வேண்டும். கஞ்சனுக்கு மனசு வரவில்லை. கத்த வேண்டிய எல்லையையே ஒன்று புள்ளி ஒன்பதுக்கு இறக்கி, அம்மாவின் பெட்டியிலும் ஏற்றிவிட்டான். இரண்டு புள்ளி இரண்டுக்குக் கீழே நினைவகத்தில் எதையும் எழுதக் கூடாது என்று சிப்போடு வந்த கையேட்டில் இருக்கிறது. அவனுக்கும் தெரியும். 'பிறகு சரிசெய்ய வேண்டும்' என்று ஒரு குறிப்பு எழுதிவைத்தான். அவன் செய்த மாற்றத்தைச் சரிபார்க்க வேண்டியவன் நான். சாப்பாட்டு நேரம். குறிப்பைப் படித்தேன், சரி என்று அழுத்திவிட்டு எழுந்து போனேன்.

மாத்திரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டி அதைக் குறித்துக்கொள்ளும். பேட்டரி இரண்டு வோல்ட்டுக்கு வந்தும் பெட்டி கத்தாமல் இருந்த ஒரு காலையில், குறிக்கப் போய் அரைகுறையாக எழுதி, குரலையும் சேர்த்து அழித்துவிட்டது. அம்மா போன் செய்தாள்: "அவ இன்னிக்குப் பேசலடா."

மூன்று நாள் அந்த நினைவகத்தைத் துருவினான். ஒரு சொல்கூடத் தேறவில்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க நானும் கூடப் போனேன். அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "நான்தான் தம்பி பேட்டரி மாத்தாம விட்டுட்டேன். அது கத்தித்தான் இருக்கும். எனக்குத்தான் காது சரியா கேக்கல." அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். "பரவாயில்லம்மா," என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "நீயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன் கேட்டதில் தப்பில்லை என்பதால் வந்த கோபம்.

இப்போது பெட்டி இரண்டு தடவை அளந்துவிட்டு, இரண்டு புள்ளி நான்கில் ஒழுங்காகக் கத்துகிறது. எட்டு மணிக்கு வெறும் மணியோசைதான். போன வாரம் வேலைக்கு நடுவே அம்மாவின் போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய், பெட்டி கத்துச்சு. உடனே பேட்டரி மாத்திட்டேன். அன்னிக்கும் இப்படி மாத்தியிருந்தா அவ இருந்திருப்பா."

"அது உன் தப்பில்லம்மா," என்றான்.

யார் தப்பு என்று சொல்லவில்லை. நானும் திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.