மருந்தடித்தவர் சோணைமுத்து

ஒத்தக்கடைப் பக்கம் பெரிய மல்லிகைத் தோட்டம். ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுத்து, செய்ததைச் செல்போன் ஆப்பில் ஏற்றுவது பவதாரிணியின் பொறுப்பு. பூச்சிமருந்து அடிக்கச் சொன்னால் எல்லோரும் மூஞ்சியைத் தூக்குவார்கள். அவளுடைய அப்பா சோணைமுத்து மட்டும் முனகாமல் போவார். பெத்த அப்பனை நிழலில் உட்கார வைக்கிறாள் என்று எந்த நாயும் பேசிவிடக் கூடாதே!

அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

"மருந்தடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எப்பவாச்சும்தான் சார்."

"வருசத்துக்கு எத்தனை நாள்?"

அப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பவதாரிணி ஆப்பில் அவர் பெயரைத் தட்டினாள். தொண்ணூற்றாறு நாள். வேறு யாருக்கும் பத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே, 'வேலை கொடுத்தவர்: பவதாரிணி'.



படிக்கத் தெரியாத அப்பா எட்டிப் பார்த்தார். "சொல்லு தாயி, எம்புட்டு நாளாம்?"